'ஏஜி' சிறகு ஒன்று, ஆட்கள் இருவர்

பெயர் தெரியாத ஒரு போர்க் கல்லறைக்குள் இருப்பவர் யார் என்ற தேடல் ஒருவழியாக இரண்டு பேரில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் நகரமாட்டேன் என்கிறது.

ஜெர்மனியின் ஸேஜ் போர்க் கல்லறையில் இருக்கும் பெயர் தெரியாத கனடா விமானப்படை சார்ஜென்டைப் பற்றித்தான் சொல்கிறேன். 1943 கோடையில் நோர்டர்னை தீவில் கரை ஒதுங்கினார், அங்கேயே புதைத்தார்கள், போர் முடிந்தபின் மற்றத் தீவுக் கல்லறைகளோடு சேர்த்து ஸேஜுக்கு மாற்றினார்கள். கல்லறை எண்ணை எழுதப்போவதில்லை. முடிவாகாத ஒன்றைக் குடும்பத்தார் யாராவது படித்து நம்பிவிட்டால் பாவம்.

இந்த வேலையில் இறங்கும் பலர் நேராக நீரோட்டக் கணக்கில் போய் விழுகிறார்கள். வடகடல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, நெதர்லாந்தின் டெக்ஸல் தீவுப் பக்கம் விழுந்தவர் கிழக்கே ஜெர்மன் தீவுகளில் ஒதுங்கலாம், எல்லாம் சரி. ஆனால் உடல் மிதந்து மேலே வர எத்தனை நாளாகும் என்பது நீரின் சூட்டைப் பொறுத்தது, அதற்கப்புறம் காற்று வேறு இழுக்கிறது. கடைசியில் கிடைப்பது 'இவராக இருக்கவும் கூடும்' என்பது மட்டும்தான். அதிலும் 1943 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 3 வரை ஹாம்பர்க் தாக்குதல். அந்தக் கடலின் மேல் நூற்றுக்கணக்கான விமானங்கள் திரும்பத் திரும்பப் போய் வந்திருக்கின்றன. நீரோட்டத்தை மட்டும் நம்பினால் கல்லறை கிடைக்காத விமானப்படையினரின் பெயர்களைப் பொறித்த இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில், 1943ஆம் ஆண்டுப் பலகைகளில் பாதிப் பேர் நம் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாம் உடுப்பில்தான் இருக்கிறது. கல்லறை இடமாற்றப் படிவத்தில் இவருக்கு எதிரே இருப்பது ஒரே வரி: சார்ஜென்ட் பட்டை, கனடா தோள் எழுத்து, 'ஏஜி' (ஏர் கன்னர், அதாவது விமானத் துப்பாக்கிக்காரர்) என்று எழுதிய மார்புச் சிறகு. இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டியதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பட்டை. பிளைட் சார்ஜென்டுக்கும் மூன்று பட்டைதான், மேலே ஒரு பித்தளைக் கிரீடம் கூடுதல். அது கழன்று போயிருந்தால் அவர் வெறும் சார்ஜென்ட் ஆகிவிடுவார். போதாக்குறைக்கு முன்தேதியிட்ட பதவி உயர்வு. ஆள் கடலில் விழுந்தபின் உத்தரவு வந்து, பதிவேட்டில் பிளைட் சார்ஜென்ட் என்றோ பைலட் ஆபீசர் என்றோ ஏறியிருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் 'சார்ஜென்ட்' என்று வடிகட்டினால் தேடிய ஆளே காணாமல் போவார். பதவியை வைத்து ஒருபோதும் வடிகட்டாதீர்கள்.

அடுத்தது தோள் எழுத்து. பிரிட்டிஷ் படையிலேயே சேர்ந்த கனடாக்காரர்களும் அதைத் தைத்துக்கொண்டார்கள், அதனால் கனடா விமானப்படை என்பதற்கு அது மட்டும் போதாது.

ஆகப் பெரிய தலைவலி சிறகு. 'ஏஜி' என்றால் துப்பாக்கிக்காரர் என்று எழுதிவிட்டுப் போகமுடியாது. 1944 தொடக்கத்தில் 'எஸ்' சிறகு வரும்வரை பிரிட்டிஷ் படையின் வயர்லெஸ்காரரும் அதே 'ஏஜி'யைத்தான் மாட்டிக்கொண்டார். ஆக, ஏழு பேர் குழுவில் மூன்று பேர் பொருந்துவார்கள். கனடாவில் பயிற்சி முடித்த வயர்லெஸ்காரர்கள் பலரிடம் 'டபிள்யூஏஜி' (வயர்லெஸ், துப்பாக்கி இரண்டும்) என்ற தனிச் சிறகு இருந்தது. உடனே அவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். உப்பில் ஊறி மண்ணில் மட்கிய துணியில் முதல் எழுத்து போய், மீதி இரண்டு மட்டும் தெரிந்திருந்தால்? நான் அடிக்கவில்லை, அடைப்புக்குறிக்குள் வைத்திருந்தேன்.

வழி திறந்தது சம்பந்தமே இல்லாத ஓர் ஆஸ்திரேலியர் கோப்பில். ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 வரிசையில்தான் அந்நாட்டு விமானப்படையில் இறந்தவர், காணாமற்போனவர் பற்றிய கோப்புகள் இருக்கின்றன. ஆனால் நம் ஆள் ஆஸ்திரேலியர் இல்லையே என்று அதைத் தொடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே தீவில் புதைக்கப்பட்ட வேறொரு விமானத்தின் ஆஸ்திரேலியருக்காக, காணாமற்போனோர் தேடல் பிரிவின் அதிகாரி தீவுக் கல்லறைகளை வரிசையாகத் தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார். அதன் நகல் அந்தக் கோப்பில் கிடந்தது. அதில் நம்மவருக்கு மூன்று வரி: சிறகில் 'ஏஜி' மட்டும், வேறு எழுத்துக்கு இடமே இல்லை என்று தெளிவாக; கழுத்தில் மாட்டும் நார் அடையாள வில்லையில் எழுத்து அழிந்துவிட்டது; மேல்தாடையில் பல்லே இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு வீட்டையே எழுப்பியிருப்பேன்.

வயர்லெஸ்காரர்கள் போனார்கள். மற்றவர்களைத் தேதியும் பாதையும் கழித்தன. மிஞ்சியது ஒரே ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் நடுத் துப்பாக்கிக்காரரும் வால் துப்பாக்கிக்காரரும். இருவரும் கனடா, இருவரும் ரன்னிமீடில். அதே வாரம் பக்கத்துத் தீவில் ஒதுங்கிய அவர்களுடைய விமானிக்குப் பெயரோடு கல்லறை இருக்கிறது.

இனி பல்தான் பேச வேண்டும். நடுத் துப்பாக்கிக்காரர் சேர்ந்தபோது எடுத்த பல் அட்டையில் மேல் வரிசை ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. அப்புறம் மொத்தத்தையும் பிடுங்கியிருப்பார்களா? அந்தக் காலத்தில் அதுவும் நடக்கக்கூடியதே. வால் துப்பாக்கிக்காரர் கோப்பில் பல் அட்டையே இல்லை. சந்தா கட்டிப் பார்க்கும் தளத்தில் பக்க எண்கள் நடுவில் தாவுகின்றன, ஸ்கேன் செய்தவர் விட்டாரா, தாளே இல்லையா, தெரியவில்லை. கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள். பெயர் காண்பதற்காகக் கல்லறையைத் திறக்கமாட்டார்கள், அதனால் மரபணுச் சோதனைக்கு வழியில்லை. மற்றவர் யாரும் இல்லை என்று தாளிலேயே காட்டியாக வேண்டும். 'பெரும்பாலும் இவர்' என்று ஆணையத்துக்கு அனுப்பினால் அப்படியே திரும்பும்.

நெதர்லாந்துக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 2020இல் மார்க்கர்மேர் ஏரியில் ஸ்டெர்லிங் பிகே716, 2023இல் ஐஸல்மேர் ஏரியில் லங்காஸ்டர் இடி603 என்று, மூழ்கிய குண்டுவீச்சு விமானங்களை அரசே செலவழித்து விமானத்தோடு ஆட்களையும் எடுக்கிறது.

ஒட்டாவாவில் கோப்பை நேரில் பார்த்துப் படமெடுத்துத் தரும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். மணிக்கணக்குக் கூலி, ஆனால் நேர்த்தியாக எடுப்பார், தாளின் பின்பக்கத்தையும் விடமாட்டார். அதுவரை சும்மா இருக்க முடியாமல் 1942 ஏப்ரல் 9க்குப் போய்விட்டேன். கொழும்பு ரேஸ்கோர்ஸிலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைத் தாக்கப்போன பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆம் ஸ்குவாட்ரன் பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்களில் ஐந்து விழுந்தன. கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில். ஸ்குவாட்ரன் நாட்குறிப்பை லண்டன் க்யூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து இலவசமாக இறக்கியாயிற்று. கனடாக் கோப்புகளில் பல் அட்டை தனி உறையில் இருந்து யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், ஒட்டாவாக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பேன்.