மூன்று பேருக்கு ஒரே பாத்திரம்

என் மகளுக்கு மூன்றரை வயது ஆகிறது. அவள் திட உணவு உண்ணத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டு மளிகைச் செலவு மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. அவள் உண்ணும் அளவோ என் கைப்பிடியைத் தாண்டவில்லை. கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியாமல், செலவைக் குறைக்க நினைக்கும் எல்லோரும் செய்வதையே நானும் என் கணவரும் செய்தோம். மலிவாகக் கிடைக்கும் இடம் தேடிப் போய்ப் பருப்பு வாங்கினோம். மூட்டையாக வாங்கினால் லாபம் என்று நம்பினோம். அப்படி வாங்கிய பயற்றில் மூன்றாம் மாதமே வண்டு விழுந்து, பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. மூன்று பேர் உரிய காலத்துக்குள் தின்று தீர்க்க முடியாத எதுவும் எங்களுக்கு மலிவல்ல என்பதை அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

வாங்குவதைப் பார்ப்பதை விட்டுவிட்டு எறிவதைப் பார்க்கலாம் என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. இரண்டு வாரம், குப்பைக்கூடைக்குள் போகும் ஒவ்வோர் உணவையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். விலையை எழுதவில்லை; என்ன, எவ்வளவு, ஏன் என்பதை மட்டும் எழுதினேன். “மசித்த உருளைக்கிழங்கு, அரைக் கிண்ணம், அவளுக்கென்று தனியாகச் செய்தது, இரண்டு ஸ்பூனோடு வாயை மூடிக்கொண்டாள்” என்பது முதல் நாள் பதிவு. அதற்கு அடுத்த வரியில், “அதே கிழங்கு, கால் கிண்ணம், பசியில்லாமல் நான் சாப்பிட்டேன்” என்று இருக்கிறது. குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று அம்மா எடுத்து விழுங்குவதும் வீணாவதில் ஒரு வகைதான்; குப்பைக்கூடை இருக்கும் இடத்தில் என் வயிறு இருந்தது, அவ்வளவே.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது பெரும்பாலான பதிவுகள் இரண்டு காரணங்களையே சுற்றி வந்தன: அவளுக்கென்று தனியாகச் சமைத்தது, அவள் தட்டில் அளவுக்கு மீறிப் போட்டது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதைப் படித்தபோது விருந்துகளையும் உணவகங்களையும்தான் மனத்தில் வைத்துக் குறைப்பட்டுக்கொண்டேன். என் நோட்டுக்குப் பிறகு அந்த 60 சதவீதத்துக்குள் எங்கள் வீட்டு உருளைக்கிழங்கும் இருக்கிறது என்பது உறைத்தது.

தனிச் சமையலை நிறுத்துவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. குழந்தைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வேறு உணவு அன்று. அதே உணவின் வேறு நிலைதான். காயும் பருப்பும் வெந்து, உப்பும் காரமும் சேர்ப்பதற்கு முந்தைய நிலையில் அவளுடைய பங்கை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துவிட்டு, மிச்சத்தை எங்களுக்கு ஏற்றபடி முடித்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகத்தான், இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. குழந்தைகளுக்கு அவர்கள் உண்ணும் அளவுக்கேற்ப அதையும் குறைக்க வேண்டும். ஆகவே அவள் கிண்ணத்தில் உப்பு கொஞ்சம்தான். அந்தக் கிண்ணத்தை மீண்டும் மீண்டும் ருசி பார்த்ததில் எங்கள் நாக்கும் பழகி, வீட்டுச் சமையல் முழுவதிலும் உப்பு குறைந்துபோனது நான் எதிர்பாராத ஒன்று.

எரிபொருளிலும் இதனால் மிச்சம் உண்டு. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. திறந்த பாத்திரத்தில் நீண்ட நேரம் வேகும் பருப்பு அதில் சில நிமிடங்களில் மசிந்துவிடுகிறது. பருப்பு அடியில் வேகும்போதே மேலே ஒரு சிறு பாத்திரத்தில் கேரட்டும் கிழங்கும் வைத்துவிட்டால் அவளுக்கென்று இரண்டாவது அடுப்பு எரிய வேண்டியதில்லை.

பயறு வகைகளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சிக்கனம் பெரும்பாலும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்த பிறகு இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடும். வாரக் கடைசியில் ஒரே தடவையாக வேகவைத்து, ஒருவேளைக்கு வேண்டிய அளவுகளாகப் பிரித்து உறையவைத்தால், வேலை முடிந்து களைத்து வரும் மாலைகளில் வெளியே வாங்கும் ஆசை பாதியாகக் குறைகிறது. ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதில் லெக்டின் என்னும் புரத வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவைப்பதே பாதுகாப்பு. எரிபொருளை மிச்சப்படுத்துகிறேன் என்று கொதிநிலைக்கு வராத மெல்லிய சூட்டில் வேகவைப்பது ராஜ்மாவுக்கு ஆகாது. பயற்றில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது என்பதால், வைட்டமின் சி உள்ள தக்காளியோ எலுமிச்சைச் சாறோ அதே வேளை உணவில் சேரும்படி பார்த்துக்கொள்கிறேன். சத்துமாவு டப்பாக்களின் மேல் எழுதியிருக்கும் வாக்குறுதிகளைவிட அரை எலுமிச்சை எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது காரணமான தட்டுதான் என்னை அதிகம் படுத்தியது. சிக்கனமாக வளர்க்கப்பட்டவள் நான். தட்டைக் காலி செய்யாமல் எழுந்ததாக நினைவில்லை. அதே பழக்கத்தை மகளிடம் எதிர்பார்த்து, “இன்னும் ரெண்டே வாய்” என்று கெஞ்சுவதும், பிறகு அதட்டுவதும், கடைசியில் இருவரும் கண் கலங்குவதுமாகப் பல இரவுகள் போயின. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு; அதில் எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த முறையைப் படித்தபோது முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உண்பதா வேண்டாமா என்பதை மூன்று வயதுக் குழந்தை முடிவு செய்தால், மிஞ்சும் சோற்றுக்கு யார் பொறுப்பு?

விடை தட்டில் இல்லை, கரண்டியில் இருந்தது. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற ஒரு கைக்கணக்கு உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒவ்வோர் உணவு வகையிலும் மூன்று மேசைக்கரண்டி வைத்துத் தொடங்கலாம் என்பது அதன் பொருள். நான் அதிலும் பாதியில் தொடங்குகிறேன். பெரிய தட்டில் அந்த அளவு பரிதாபமாகத் தெரிந்ததால், கை தானாக இன்னொரு கரண்டி போடத் தூண்டும் அந்தத் தட்டையே மாற்றி, சிறு தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். கேட்டால் மறுபடி பரிமாறுவேன். கேட்காவிட்டால் மிச்சம் பாத்திரத்திலேயே, எச்சில் படாமல் இருக்கிறது, மறுநாளைக்கு உதவுகிறது. தட்டில் மிஞ்சிய சோறு குப்பைக்கு. பாத்திரத்தில் மிஞ்சிய சோறு நாளைய உணவு. இந்த ஒரு மாற்றத்தால் குறைந்த வீண் அளவை, எத்தனை கடை ஏறி இறங்கியும் நாங்கள் மிச்சப்படுத்தியிருக்க மாட்டோம்.

புதிய உணவுகளில்தான் சிக்கனக்காரர்களின் உறுதி ஆட்டம் காணும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை தெரியாத உணவைக் கண்டு ஒதுங்குவது குழந்தைகளுக்கு இயல்பு. ஓர் உணவை ஏற்பதற்கு முன் எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். பதினைந்து முறையும் ஒரு கிண்ணம் சமைத்துக் கொட்டுவதென்றால் யாருக்கும் மனம் வராது. அதனால் எங்கள் தட்டில் உள்ள எதுவும் அவள் தட்டிலும் ஒரு துண்டு இருக்கும். கூடவே அவள் நிச்சயம் உண்ணும் ஒன்றும் இருக்கும். பச்சைப் பட்டாணியைப் பல வாரங்கள் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்தாள், தின்னவில்லை. ஒரு நாள் ஒன்றை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, தோல் பிதுங்கி உள்ளே இருந்தது வெளியே வந்ததும் உடனே துப்பிவிட்டு, உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் காட்டினாள். “அம்மா, உள்ள மாவு இருக்கு!” என்றாள். மறுவாரம் நான்கு பட்டாணி உள்ளே போயிற்று. அந்தப் பல வாரங்களிலும் நான் இழந்தது மொத்தமாக ஒரு கைப்பிடிப் பட்டாணிகூட இராது.

பாலைப் பற்றி நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். இரவு உணவை மறுத்தால், பசியோடு தூங்கக் கூடாதே என்று ஒரு பெரிய டம்ளர் பால் கொடுத்துவந்தேன். அவள் கெட்டிக்காரி, சோற்றை மறுத்தால் பால் வரும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சிறு வயிறு அதிலேயே நிறைந்து மற்ற உணவுக்கு இடமில்லாமல் போகும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் சோகைக்கும் அது வழிவிடும். இப்போது பாலுக்கும் ஒரு வேளை உண்டு, சோற்றுக்கு மாற்றாக அது வருவதில்லை. முதல் நான்கு நாள் அழுகை, ஐந்தாம் நாள் சோறு.

சிக்கனத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை மிஞ்சிய சோறு எனக்குக் கற்பித்தது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சமைத்த பிறகும் சோற்றில் உயிரோடு இருக்கக்கூடும். சோறு வெளியே கிடக்கக் கிடக்க அவை பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. இது தெரியாமல், மாலைவரை அடுப்படியில் கிடந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டு, இரவெல்லாம் வாந்தி எடுத்தேன். மகளுக்கு அதைக் கொடுக்கவில்லை என்பது மட்டும் ஆறுதல். இப்போது வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன், ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுகிறேன். தவறினால் கொட்டிவிடுவேன், அந்தக் கொட்டலை நோட்டில் எழுதும்போது எனக்குக் குற்ற உணர்வு வருவதில்லை.

நொறுக்குத் தீனிக்குப் பழமும் அவித்த கிழங்கும் வேகவைத்த முட்டையும் போதுமானவையாக இருக்கின்றன. குழந்தைகளுக்கென்று வண்ணப் பையில் வரும் பழக்கூழை நாங்கள் நிறுத்திவிட்டோம்; வீட்டில் ஒரு முட்கரண்டி செய்யும் வேலைக்குத்தான் அத்தனை விலை. முழுத் திராட்சை தொண்டையில் சிக்கும் அளவானது என்பதால் அதை நீளவாக்கில் நான்காக வெட்டித் தருகிறேன். முழுக் கொட்டைப் பருப்புகளை ஐந்து வயது வரை கொடுப்பதாக இல்லை, பொடித்துத்தான்.

தீராமல் நிற்பது வாழைப்பழம் ஒன்றுதான். அவளால் பாதிதான் உண்ண முடியும். ஆனால் முழுப் பழம்தான் வேண்டும். பாதியாக வெட்டிக் கொடுத்தால், “உடைஞ்சு போச்சு, ஒட்டிக் குடு” என்று அழுகிறாள். தோலோடு பாதியை நறுக்கி, வெட்டிய பக்கத்தை என் கைக்குள் மறைத்துக் கொடுத்துப் பார்த்தேன். கையைத் திறக்கச் சொன்னாள். சின்ன ரகப் பழம் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கேட்டாள், இரண்டிலும் பாதி தின்றாள். மிஞ்சும் பாதிகளின் கடித்த முனையை வெட்டிவிட்டு, ஒரு டப்பாவில் போட்டு உறையவைத்து, மாவில் பிசைந்து அடையாகச் சுட்டு நாங்கள் தின்கிறோம். இன்று காலைக் கணக்குப்படி டப்பாவில் ஏழு பாதிகள் இருக்கின்றன.