விமான நிலையங்களுக்கு ஒரு இலவசத் தமிழ்த் தொகுப்பு: கட்டியதும் விரித்ததும்

விமான நிலையத் தகவலைத் தமிழில் தேடினால் பெரும்பாலும் டிக்கெட் விற்கும் தளங்கள்தான் வருகின்றன. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது, 2016 முதல் மெட்ரோவும் வருகிறது என்பது முதல்முறை பறக்கப் போகிறவருக்கு எவ்வளவு பெரிய உதவி! இந்த மாதிரித் தகவலை விளம்பரமில்லாமல் ஓரிடத்தில் தர வேண்டும் என்றுதான் இந்தத் தொகுப்பைத் தொடங்கினேன்.

அடிப்படைத் தரவுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. டேவிட் மெகின்சன் 2007-ல் தொடங்கிய 'அவர்ஏர்போர்ட்ஸ்' தொகுப்பில் ஹெலிபேடுகள், மூடப்பட்ட ஓடுதளங்கள் உட்பட 70,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. பொதுவுடைமை என்று விட்டிருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு உழைப்பைக் காசு கேட்காமல் கொடுத்திருப்பதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அந்தத் தரவுக் கோப்பை எக்செல்லில் அப்படியே திறக்காதீர்கள். ஓடுபாதையின் பெயர் 09 என்றால் வெறும் 9 ஆகிவிடும். 09/27 என்று சேர்த்து எழுதியிருந்தால் தேதியாக மாறிவிடும். பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைத் தரவைப் படிக்கும் பாண்டாஸ் என்ற கருவி வழியாகப் படித்தாலும் ஒரு பொறி உண்டு. நமீபியாவின் நாட்டுக் குறியீடு 'என்ஏ'. பாண்டாஸ் அதை 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொண்டு, நமீபியாவின் விமான நிலையங்களுக்கெல்லாம் நாடே இல்லாமல் செய்துவிடும். வெற்றுக் கட்டத்தை மட்டும்தான் வெற்றாகக் கொள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சில்லறை வேலை. தொகுப்பின் அஸ்திவாரமே வேறொரு முடிவில் இருக்கிறது: ஒரு நிலையத்தின் பதிவை எந்த அடையாளத்தோடு கட்டுவது? விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏடிஏ தரும் மூன்றெழுத்துக் குறியீட்டோடு கட்டலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குறியீடு இடம் மாறும். 2008 மே மாதம் பெங்களூருக்கு தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்தபோது 'பிஎல்ஆர்' பழைய எச்ஏஎல் நிலையத்தை விட்டு அங்கே போய்விட்டது. அதே ஆண்டு ஹைதராபாத்தில் 'எச்ஒய்டி' பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்குப் போனது. 2019 ஏப்ரலில் இஸ்தான்புல்லிலும் இதே கதை. அதனால் நிலையம் இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் நானே ஓர் எண் கொடுத்தேன். குறியீடு, பெயர், சேவை எல்லாம் அந்த எண்ணின் கீழே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற குறிப்போடு. அப்புறம் எதை மாற்றினாலும் பழையது அழியவில்லை.

இதனால்தான் தொகுப்பை விரிக்கவும் முடிந்தது. சோழவரம், செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு என்று உலகப் போர்க்கால ஓடுதளங்களை 'பயன்பாட்டில் இல்லை' என்ற நிலையோடு சேர்த்தேன். சேலத்துக்கு 2018-ல் வந்த விமானம் 2021-ல் நின்று 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. யாழ்ப்பாணம் பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னை–யாழ்ப்பாணம் விமானம் 2022 டிசம்பரில்தான் திரும்பியது. நிலையம் இருப்பது வேறு, அங்கே இன்று விமானம் வருவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

அமைவிடம்தான் அதிகம் நேரம் தின்றது. அரசு ஆவணங்கள் பாகை, கலை, விகலையில் தருகின்றன (ஒரு பாகைக்கு 60 கலை). திருச்சியின் 10 பாகை 45 கலையை யாராவது 10.45 என்று எழுதிவிட்டால், புள்ளி 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் விழும். செயற்கைக்கோள் படத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஓடுபாதையின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அது நோக்கும் திசையின் பாகை வரும், அதனால் 09/27 என்றால் அது கிழக்கு மேற்காகக் கிடக்க வேண்டும். புள்ளி சரியாக இருந்தாலும் அது நிலையத்தின் மையத்தைத்தான் குறிக்கும், வாசலை அல்ல. திருச்சியில் புதிய முனையம் 2024-ல் வந்தபோது ஒரு டாக்சி ஓட்டுநர் எழுதினார்: "தம்பி, சவாரிக்கு உள்ளே போகிற வழியைப் போடுங்க, விமானம் இறங்குகிற இடம் எனக்கெதுக்கு?" வாசலுக்கென்று தனிக் கட்டம் சேர்த்தது அதற்குப் பிறகுதான். இப்போது தொகுப்பில் அதிகம் பேர் திறந்து பார்ப்பது அதைத்தான்.

விமானிகளுக்காக நாடுகள் வெளியிடும் வான்வழித் தகவல் ஆவணங்களின் முக்கியத் திருத்தங்கள் 28 நாள் சுழற்சியில் நடைமுறைக்கு வரும். நானும் அதே சுழற்சியில் தென்னிந்திய, இலங்கைப் பதிவுகளைச் சரிபார்க்கிறேன். பேருந்து எண், நடந்து போகிற வழி, இரவில் ஆட்டோ கிடைக்குமா என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் வராது. அதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் எழுதி அனுப்ப வேண்டும். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இன்னும் நிறைய தேவைப்படுகிறது.