சொல்ல வேண்டாம் என்று கேட்டது நான்தான்

என் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்பது மருத்துவமனையின் நடைபாதையில் வைத்து எனக்குச் சொல்லப்பட்டது. வயிற்று உப்புசத்துக்கு மூன்று மாதங்களாக வாயு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவருக்கு, வயிற்றில் நீர் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்து, திசுப் பரிசோதனையும் செய்திருந்தார்கள். முடிவு வந்த அன்று, அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு மருத்துவர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். “மூன்றாம் நிலை. வயிற்றின் உள்சவ்வில் பரவியிருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவுக்கு எழுதித் தருகிறேன்” என்று நின்றபடியே சொன்னார். நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்ததால் இருவரும் சுவரோரம் ஒதுங்கினோம். அது கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

அந்த அவசரத்தையும் இடத்தையும்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. நோய் அம்மாவுடையதாக இருக்க, செய்தியை என்னிடம் கொடுத்ததைத்தான் இன்றுவரை ஏற்க முடியவில்லை. நான் திரும்பிப் போய், “ஏதோ கட்டியாம், வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்” என்றேன். அம்மா “சரி” என்று மட்டும் சொன்னார். அவர் மேற்கொண்டு கேட்காததை, அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

ஆறு நாட்கள் கழித்துப் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, அம்மாவை வெளியே அமர்த்திவிட்டு நான் முதலில் உள்ளே போனேன். “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்கள்” என்றேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறேன் என்று கேட்டார். சாப்பாட்டையும் சிகிச்சையையும் விட்டுவிடுவார் என்றேன். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “நானாக எதையும் அவர்கள் மேல் கொட்ட மாட்டேன். ஆனால் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்பேன். அவர்கள் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்” என்றார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோதெரபி ஏறும், தலைமுடி உதிரும், ஒப்புதல் படிவத்தில் அம்மாவே கையெழுத்திட வேண்டும். இவற்றை எந்தக் கட்டியின் பெயரால் விளக்குவீர்கள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மா உள்ளே வந்ததும் மருத்துவர் கைபேசியை அணைத்து, யாரும் கதவைத் திறக்க வேண்டாம் என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கமிருந்த தன் நாற்காலியை இழுத்து வந்து அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்தார். மகள் உடனிருக்கலாமா என்று அம்மாவிடம் கேட்ட பிறகுதான் பேச்சைத் தொடங்கினார். “உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

“கட்டி என்று மகள் சொன்னாள். ஆனால் ஆறு நாளாக அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புற்றுநோய் என்றுதான் நினைக்கிறேன்” என்றார் அம்மா.

நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்த அந்த ஆறு நாட்களும் அவர் அந்தப் பயத்தோடு தனியாகவே இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லட்டுமா, முக்கியமானது போதுமா, மகளிடம் மட்டும் பேசட்டுமா என்று மருத்துவர் கேட்டார். “என்னிடமே சொல்லுங்கள், எத்தனை நாள் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்” என்றார் அம்மா. “நான் சொல்லப்போவது நல்ல செய்தி அல்ல” என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லி, சற்று நிறுத்தி, சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிற்றின் உள்சவ்விலும் பரவியிருப்பதைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். அதன் பிறகு அவர் பேசவே இல்லை. அம்மா அழுதார். ஆறுதல் சொல்லி அந்த மௌனத்தை நிரப்ப எனக்கு வாய் துடித்தது. மருத்துவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்துத் தடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குணமாகுமா?” என்று கேட்ட பிறகுதான் அவர் மீண்டும் வாய் திறந்தார். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடிய நோய் இது, பலருக்கு நோயின் தடயமே தெரியாத நிலை வரும், ஆனால் இந்த நிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலோருக்குப் பிறகு திரும்பி வருகிறது, வந்தாலும் செய்வதற்கு வழிகள் உண்டு என்றார். நம்பிக்கையையும் உண்மையையும் ஒரே மூச்சில், ஒன்றால் மற்றொன்றை மறைக்காமல் சொல்ல முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற இரு மருந்துகள் மூன்று சுற்று, பிறகு அறுவைச் சிகிச்சை, பிறகு மீண்டும் மூன்று சுற்று என்பது திட்டம். புரிந்ததை அம்மாவின் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னபோது, அறுவை முதலில் என்று அவர் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தது தெரியவந்து திருத்தப்பட்டது. மருத்துவரின் அனுமதியோடு அந்த உரையாடலைக் கைபேசியில் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது, அதில் பாதியளவு எனக்கே புதிதாக இருந்தது. கலங்கிய மனத்தில் எதுவும் தங்குவதில்லை. இத்தகைய சந்திப்புக்குப் போகிறவர்கள் அனுமதி பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

மருத்துவர் செய்தவை தற்செயலானவை அல்ல என்பது பின்னர் படித்தபோது தெரிந்தது. புற்றுநோய் மருத்துவர் ராபர்ட் பக்மனும் அவருடைய சக மருத்துவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, கெட்ட செய்தியைச் சொல்வதற்கான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையில், இடத்தை ஒழுங்கு செய்வது, நோயாளி அறிந்திருப்பதைக் கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அனுமதி பெறுவது ஆகிய மூன்றும் செய்தியைச் சொல்வதற்கு முன்பே வந்துவிடுகின்றன. என் வேண்டுகோளும் புதிதல்ல. 1961இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர்களில் 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் வெளியான அதே போன்ற ஆய்வில் 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினார்கள். மருத்துவர்கள் பதினெட்டு ஆண்டுகளில் கடந்துவிட்ட அந்தத் தூரத்தை நான் ஓர் அரை மணி நேரத்தில் கடக்க வேண்டியிருந்தது. ஆனால் படிகளை மனப்பாடம் செய்தவர் எல்லோருக்கும் அந்த மௌனம் கைவருமா என்பது எனக்குச் சந்தேகமே.

அம்மாவிடம் மறைத்திருந்தால் மரபணுப் பரிசோதனை நடந்திருக்காது. அவர் சம்மதித்துச் செய்துகொண்டதில், சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் பிஆர்சிஏ1 மரபணுவில் இருப்பது தெரிந்தது. பிள்ளைக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அடுத்த சந்திப்பில் மருத்துவர் தன் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பினார். இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று கேட்டு, பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை உண்டு என்று நிதானமாகச் சொன்னார். என் அம்மாவுக்காக ஒரு நொடியில் முடிவெடுத்த எனக்கு, என் முடிவைச் சொல்ல இரண்டு வாரங்கள் ஆயின. அந்த இரண்டு வாரமும் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரித்த உறவினர்களிடம், “அவளுக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்வாள்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.