இல்லைங்க ஐயா

"இல்லைங்க ஐயா, அந்த மாதிரி தமிழ்ல இல்ல." நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி ஏழு மாதம் ஆகிறது, இன்னும் அது என்னை விடவில்லை.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை. எங்கள் பினாங்கு நூலக முகப்பில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்ததாகச் சொன்னார். என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு நேராகத் தமிழிலேயே கேட்டார். "தாயி, இனிப்பு நீருக்கு எது சாப்பிடலாம், எது ஆகாதுன்னு தமிழ்ல ஏதும் புத்தகம் இருக்கா? வீட்டுல அவங்களுக்கு. கிளினிக்குல குடுத்த தாளு மலாய்ல இருக்கு."

கணினியில் ஆங்கில எழுத்தில் 'இனிப்பு' என்று அடித்தேன். பலகாரப் புத்தகம் இரண்டு வந்தது. அப்புறம் 'நீரிழிவு' என்று அடித்தேன், வாட்ஸ்அப்பில் அடிக்கிற அதே பழக்கத்தில், நீக்கு இரண்டு ஈ, ழிக்கு இசட் எச். ஒன்றும் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். மருத்துவப் பகுதியில், 616.462 என்ற அடுக்கு எண்ணில், மலாயிலும் ஆங்கிலத்திலும் நிறைய இருக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு மலாய் வாசிக்க வரும் தாயி. அவங்களுக்குத் தமிழ் மட்டுந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சவங்க. அவங்களே வாசிச்சாத்தான் மனசுல ஏறும்." கொஞ்ச நேரம் நின்றார். "பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் தமிழ் அலமாரியை ஒழுங்கு செய்தபோது அந்தப் புத்தகம் கையில் வந்தது. மெல்லிய புத்தகம், மஞ்சள் அட்டை, முதுகில் 'நீரிழிவு' என்று கொட்டை எழுத்தில். உள்ளே ஒரு பட்டியல்: எத்தனை இட்லி, எவ்வளவு சோறு, எந்தப் பழம். அவர் கேட்டது அப்படியே இருந்தது. முகப்பிலிருந்து அந்த அலமாரிக்கு நாற்பது அடிகூட இருக்காது.

அதை நூலகத்தின் கணினிப் பட்டியலில் ஏற்றியவள் நான்தான். தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிய நூலகங்களுக்குப் பொதுவான முறை ஒன்று உண்டு. அதில் ழவுக்கு எல் போட்டுக் கீழே ஒரு கோடு, ளவுக்கு எல் போட்டுக் கீழே ஒரு புள்ளி. எங்கள் மென்பொருள் தேடும்போது கோட்டையும் புள்ளியையும் கழித்துவிடும். வெறும் எல் போட்டு, நெடில் பார்க்காமல் அடித்திருந்தால் புத்தகம் வந்திருக்கும். இந்த முறையை வேலைக்கு வரும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனால் அன்று, ஒரு தமிழர் என்னிடம் தமிழில் கேட்டபோது, என் விரல் வாட்ஸ்அப்பை நினைத்துக்கொண்டது.

கூட்டம் இருந்தது, உண்மைதான். இன்னொருவர் விடுப்பில், முகப்பில் நான் ஒருத்தி. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து நூலக விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். நான்காவது விதி வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. வரிசையில் நின்றவர்களின் நேரத்தை அன்று சேமித்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே, இரண்டாவது விதியாக, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். சீர்காழியில் பிறந்த மனிதர் அவர். அவர் முகப்பில் இருந்திருந்தால் எழுந்து போய் அலமாரியைப் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, அவருக்கும் வரிசை நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

இதைவிட என்னைக் குடைவது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் எங்கள் மேலதிகாரி ஒரு யோசனை சொன்னார். தமிழ்ப் புத்தகங்களைத் தனி அலமாரியில் வைக்காமல் பொருள்வாரியாகப் பிரித்து, மருத்துவத்தை மருத்துவத்தோடும் சமையலைச் சமையலோடும் சேர்த்துவிடலாம் என்றார். நான் ஒரே பிடியாக மறுத்தேன். 1816இலேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது, ஒரு தமிழ் அலமாரியாவது முழுசாக நிற்கட்டும் என்று வாதாடினேன். இருப்பதே சில நூறு, அதையும் பிரித்துப் போட்டால் மற்ற மொழிகளுக்கு நடுவில் கரைந்துவிடும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தாத்தா பாட்டிகள் உள்ளே வந்து, தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அந்த இடத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலதிகாரி சொன்னபடி செய்திருந்தால், மலாய்ப் புத்தகம் எடுத்துத் தரட்டுமா என்று நான் கை காட்டிய அதே தட்டில் மஞ்சள் அட்டையும் இருந்திருக்கும். பெரியவரே பார்த்திருப்பார். நூலகங்களுக்கான உலக அமைப்பான இஃப்லா 2006இல் ஏற்ற பன்பண்பாட்டு நூலக அறிக்கையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். மக்களுக்கு அவரவர் மொழியில் நூல்கள் கொடுங்கள் என்கிறது, சேவையை ஒருங்கிணைத்துச் செய்யுங்கள் என்றும் சொல்கிறது. இரண்டு பக்கத்துக்கும் அதில் சான்று கிடைக்கிறது.

சீன வட்டார மொழியான ஹொக்கியன் பேசும் சக ஊழியரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஹொக்கியனில்தான் கேட்பார்கள், பட்டியலில் இருப்பதோ மாண்டரின் உச்சரிப்பு, தனக்கும் இதே தொல்லைதான் என்றார். நீரிழிவுக்குச் சீனத்தில் 'சர்க்கரைச் சிறுநீர் நோய்' என்று பெயராம். மலாயில் கென்சிங் மானிஸ், இனிக்கும் சிறுநீர். நாம் சொல்வது இனிப்பு நீர். மூன்று இனத்து மக்களும் ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறோம். என் பட்டியலில் மட்டும் வேறு சொல் இருந்தது.

மறுவாரமே அந்தப் பதிவைத் திருத்தினேன். மூல எழுத்தில் பதிய 880 என்று ஒரு புலம் உண்டு. அவசரத்தில் காலியாக விட்டிருந்தேன். அதில் தலைப்பைத் தமிழிலேயே சேர்த்தேன். தேடுசொற்களில் 'இனிப்பு நீர்' போட்டேன். உயர் இரத்த அழுத்தத்துக்கு 'ரத்தக் கொதிப்பு' போட்டேன். இன்னும் எத்தனை சொல் இப்படி விட்டுப்போயிருக்கிறதோ. வேலை ஓய்ந்த மாலைகளில் ஒன்றிரண்டாகச் சேர்த்து வருகிறேன். இதெல்லாம் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். அவருக்கு உதவாது. அவர் உறுப்பினர் இல்லை. நான் பெயரும் கேட்கவில்லை, தொலைபேசி எண்ணும் கேட்கவில்லை. புத்தகத்தை மூன்று மாதம் முகப்புக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தேன். வேறு யாருக்காவது வேண்டியிருக்குமே என்று பிறகு திரும்ப வைத்தேன், தமிழ் அலமாரியிலேயே.

என் அம்மாவுக்கும் பல வருடமாக இனிப்பு நீர். எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்தான். பெரியவர் அதைச் சொன்னபோது எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லாமல் புரிந்தது. புரிந்த அந்த நொடியிலேயே எழுந்திருக்கலாம். ஒரு ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா புத்தகத்தைப் பற்றியோ அலமாரியைப் பற்றியோ கேட்கவே இல்லை.

"அந்தம்மாவுக்கு எத்தனை வருசமா இருக்காம்? ஊசியா, மாத்திரையா?"

தெரியாது என்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.