ஜனவரி 30: மொட்டை மாடியும் நைலான் காலுறையும்

ஜனவரி 30 நமக்குக் காந்தி நினைவு நாள். பாப் இசை ரசிகர்களுக்கு அது லண்டன், 3 சாவில் ரோ கட்டடத்து மொட்டை மாடி.

1969, மதியச் சாப்பாட்டு நேரம். பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் நால்வரும் கீபோர்டில் பில்லி பிரஸ்டனும் சுமார் 42 நிமிஷம் வாசித்தார்கள். பாட்டு என்னவோ 5தான், திரும்பத் திரும்ப வாசித்த டேக் மொத்தம் 9. 'கெட் பேக்' மட்டுமே 3 தடவை.

பெரிய தலைவலி காற்று. மைக்கில் நேராக அடித்தால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு படபடத்து, 'புஸ் புஸ்' என்ற இரைச்சலில் குரல் அமுங்கிவிடும். இளம் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் கடைக்குப் போய்ப் பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை வாங்கிவந்து மைக்குகளுக்கு மாட்டினார். மெல்லிய துணி காற்றின் வேகத்தை உடைக்கும், ஒலியை விட்டுவிடும். கேபிள்கள் அடித்தளம்வரை இறங்க, அங்கே 8 ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் 2 எட்டு-டிராக் டேப் மெஷின்கள் ஓடின.

குளிரில் விரல் விறைத்தது. டிரம்மர் ரிங்கோ மேல் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டு! 'டிக் எ போனி' பாட்டுக்குக் குழுவின் லெனன் முன்னால் ஒருவர் மண்டியிட்டு வரிகளைப் பிடித்திருந்தார். போலீஸ் மேலேறி வந்ததும் உதவியாளர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். கிட்டார் கலைஞர் ஹாரிசன் மறுபடி போட்டுவிட்டார். அன்று பதிவானதில் 3 பாட்டு 'லெட் இட் பி' ஆல்பத்தில் இருக்கிறது.

இதே தேதியில் 1951இல் பாடகர், டிரம்மர் ஃபில் காலின்ஸ் பிறந்தார். 2011இல் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் இசையமைப்பாளர் ஜான் பேரி மறைந்தார்.