ஜூனியர் பதக்கத்துக்கும் சீனியர் ஃபைனலுக்கும் நடுவே

16 வயதில் 100, 200 மீட்டரில் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி ஓடும் பையனைப் பார்த்ததும் "இவன் ஒலிம்பிக்ஸ் போவான்" என்று சொல்லிவிடுகிறோம். அவன் பிறவி வேகக்காரனா, மற்றவர்களுக்கு முன்னால் வளர்ந்துவிட்டவனா என்று அந்த வயதில் பிரித்துச் சொல்வது கடினம். சர்வதேசப் போட்டிகளில் வயதுப் பிரிவை டிசம்பர் 31-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். அன்று 16 அல்லது 17 வயது என்றால் 18 வயதுக்குட்பட்டோர் பிரிவு. 18 அல்லது 19 என்றால் 20 வயதுக்குட்பட்டோர். ஜனவரி முதல் வாரம் பிறந்தவனும் டிசம்பர் கடைசியில் பிறந்தவனும் பக்கத்துப் பக்கத்து லேனில் நிற்பார்கள். அந்த வயதில் ஒரு வருஷ வளர்ச்சி தோளிலும் தொடையிலும் கண்ணுக்கே தெரியும். அதனால் பதக்கத்தைவிட, நேரம் வருஷா வருஷம் எப்படிக் குறைகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த நேரமும் நம்பும்படி இருக்க வேண்டுமே! ஸ்டாப்வாட்சில் கையால் எடுத்த 10.8-ஐ எலக்ட்ரானிக் நேரத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. 100, 200 மீட்டருக்கு வழக்கமாக 0.24 விநாடி கூட்டுவார்கள், 10.8 என்பது 11.04 ஆகிவிடும். பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த ஓட்டம் சாதனைக் கணக்கில் சேராது. பயிற்சி நோட்டில் நேரத்துக்குப் பக்கத்திலேயே எந்த டைமிங், எவ்வளவு காற்று என்று எழுதிவைத்தால் பின்னால் வரும் ஏமாற்றம் பாதி குறையும்.

வளரும் வயதின் காயங்களுக்குத் தனிக் குணம் உண்டு. பெரியவர்களுக்குத் தொடையின் பின்பக்கமுள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசை கிழியும். 14 முதல் 17 வயதில், அந்தத் தசை இடுப்பெலும்பில் ஒட்டும் இடம் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. தசைக்குப் பதிலாக எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடலாம். ஓடும்போது "டப்" என்று ஒரு சத்தம், பிட்டத்துக்கு அடியில் வலி, உட்கார முடியாத நிலை - இவை இருந்தால் தசைப்பிடிப்பு என்று நினைத்து மசாஜ் செய்யாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முட்டிக்குக் கீழே புடைத்து வலித்தால், குதிப்பதையும் படியேறி ஓடுவதையும் சில வாரம் குறைத்தே ஆக வேண்டும். ஒரே நாளில் 100, 200, நீளம் தாண்டுதல், ரிலே என்று ஒரே பிள்ளையை நாலு ஈவென்ட்டில் இறக்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்தப் பள்ளிக் கோப்பைக்கான விலையை அந்தக் கால்கள்தான் கொடுக்கின்றன.

உசைன் போல்ட்டின் இளமைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் கிங்ஸ்டனில் 15 வயதிலேயே உலக ஜூனியர் 200 மீட்டர் சாம்பியன், நேரம் 20.61. 2004-ல் 19.93 ஓடி, 20 விநாடிக்குள் வந்த முதல் ஜூனியர் ஆனார். அதே வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் கால் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். முதுகெலும்பு வளைவும் அவருக்குத் தொல்லை கொடுத்தது. அதன்பின் கோச் க்ளென் மில்ஸிடம் சேர்ந்து உடலின் நடுப்பகுதியைப் பலப்படுத்தினார். சீனியர் உலகப் போட்டியில் முதல் தனிநபர் பதக்கம், 200 மீட்டர் வெள்ளி, 2007-ல் ஒசாகாவில்தான் வந்தது. அத்தனை திறமை இருந்தும் நடுவில் மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

18 முதல் 22 வயதுவரை உள்ள இந்த இடைவெளியில்தான் பலர் காணாமல் போகிறார்கள். ஜூனியரில் வெறும் பலத்தால் மறைந்திருந்த குறைகள் இங்கே வெளியே வரும். முதலில் மாட்டுவது ஸ்டார்ட். கால் ஊன்றிக் கிளம்பும் பிளாக்குகளில், முன் பிளாக்கை கோட்டிலிருந்து தன் பாதத்தால் இரண்டு அடி அளவிலும், பின் பிளாக்கை மூன்று அடி அளவிலும் வைத்துத் தொடங்கலாம். 'செட்' என்று சொன்னதும் இடுப்பைத் தூக்கி நிற்கும் நிலையில் முன் முட்டி ஏறக்குறைய 90 டிகிரி, பின் முட்டி 120 முதல் 130, இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் மேலே. இளையவர்கள் சாம்பியன்களின் வீடியோவைப் பார்த்து மிகத் தாழ்வாகக் கிளம்பப் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தைத் தாங்கும் பலம் காலில் இருக்காது. இரண்டாவது காலடியில் தடுமாறி, விழாமலிருக்கத் தலையைத் தூக்கி, அப்படியே நிமிர்ந்துவிடுவார்கள். "குனி, குனி" என்று கத்திப் பயனில்லை. இடுப்பைச் சற்று உயர்த்தி, பிளாக்கை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தி, முதல் காலடி உடலுக்கு முன்னால் போய் விழாமல் பார்த்தாலே பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது உச்ச வேகம். 2009 பெர்லினில் போல்ட் ஓடிய 9.58-ஐ 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்தால் 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. கடைசித் துண்டில் அவரும் வேகம் இழந்திருக்கிறார். கடைசி 20 மீட்டரில் பாய்ந்து முந்துவதுபோல் தெரிகிறவர் பெரும்பாலும் மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழப்பவர்தான். இதற்கு 25 மீட்டர் ஓடி வேகமெடுத்து, அடுத்த 30 மீட்டரை முழு வேகத்தில் ஓடும் பயிற்சி நல்லது. நான்கு முறை போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 5 முதல் 8 நிமிடம் ஓய்வு. அந்த 30 மீட்டர் 3.00-ல் தொடங்கி 3.10 ஆனால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ஓய்வைக் குறைத்துக்கொண்டு இதையே செய்தால் மூச்சு வாங்கும், வியர்க்கும், உழைத்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் வேகம் வளராது.

வேகத்தைத் தாங்கிப்பிடிக்க நீண்ட தூரமும் வேண்டும். போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ 2022-ல் கொலம்பியாவின் காலி நகரில் 9.91 ஓடி 20 வயதுக்குட்பட்டோர் உலக சாதனையோடு 100 மீட்டர் தங்கம் வென்றார். 2024 பிப்ரவரியில் 300 மீட்டரை 30.69-ல் ஓடினார். அந்த ஆகஸ்டில் பாரிஸில் 19.46 ஓடி 200 மீட்டர் தங்கம் எடுத்தார்.

சீனியரில் ஒரு நல்ல ஓட்டம் மட்டும் போதாது. ஒலிம்பிக்ஸ் 100 மீட்டரில் ஹீட்ஸைத் தாண்டினால் செமியும் ஃபைனலும் ஒரே மாலையில் வந்துவிடும். நடுவில் உடம்பு ஆறிவிடாமல் வைத்திருப்பதே தனிக் கலை. இதற்கென்று பயிற்சியிலேயே முழு வார்ம்அப், ஒரு 60 மீட்டர், இரண்டு மணி நேரம் காத்திருப்பு, மறுபடி குறுகிய வார்ம்அப், இன்னொரு 60 என்று மாதம் ஒருமுறை ஓடிப் பார்க்கலாம். துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பும் ஃபவுல் ஸ்டார்ட்டுக்கும் மன்னிப்பில்லை. 2010 முதல் முதல் தவறுக்கே வெளியேற்றம். 2011-ல் டேகுவில் நடந்த உலகப் போட்டியின் 100 மீட்டர் ஃபைனலில் போல்ட்டுக்கே அது நடந்தது.

பலருக்கு முதல் சீனியர் ஜெர்சி 4x100 ரிலேயில்தான் கிடைக்கும். பேட்டன் மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். வாங்குபவர் பயத்தில் சீக்கிரம் கிளம்புவார், அல்லது திரும்பிப் பார்ப்பார். பேட்டன் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். தன் காலடியால் அளந்து தரையில் ஒட்டிய டேப்பை, பேட்டன் கொண்டுவருபவர் தொடும் வரை நகரக் கூடாது, தொட்டபின் ஒரு துளியும் தயங்கக் கூடாது.

கடைசியாக மருந்து விஷயம். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் தினமும் எங்கே இருப்போம் என்று ஒரு மணி நேரத்தைக் குறித்துப் பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறினால், ஊக்கமருந்தே எடுக்காதவருக்கும் தடை வரும். சாதாரணச் சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் குற்றம். மாத்திரை அட்டையைக் கிழித்து எறியாமல் போட்டோ எடுத்து டீம் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பதில் வந்தபின் விழுங்குங்கள்.