ஏரியும் புறம்போக்கா?

நேற்றிரவு பெங்களூரு அல்சூரில் அண்ணன் வீட்டு மாடியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவின் 2017ஆம் ஆண்டுப் புறம்போக்குப் பாடலை மறுபடி கேட்டோம். சென்னை எண்ணூர்க் கழிவெளி என்னும் ஈரநிலத்தைக் காக்கப் பாடியது. நாம் வசைச்சொல்லாக்கிய புறம்போக்கு, உண்மையில் ஊருக்கெல்லாம் பொதுவான நீர்நிலை, மேய்ச்சல் நிலம் என்று நெஞ்சில் அறைகிறது.

2024 கோடையில் இதே மாடித் தொட்டியின் அடியில் செம்மண் வண்டல்தான் கிடந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். மழை வந்தது, மறந்தோம். பெல்லந்தூர் ஏரி நுரைத்துத் தீப்பிடித்தபோதும் படம் பிடித்துவிட்டு நகர்ந்தவர்கள்தானே நாம்! கோடை ஆண்டுக்காண்டு கடுமையாகிறது, நாம் அசைவதில்லை. எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

"பாட்டால் ஏரி நிரம்புமா?" என்கிறார் அண்ணன். நான் ஒப்பவில்லை. காலையில் அண்ணன் மகள் அந்த மெட்டை முணுமுணுத்தபடி கேட்டாள்: "சித்தப்பா, அல்சூர் ஏரியும் புறம்போக்கா?" மாலையில் அவளை அங்கே அழைத்துப் போகிறேன்.